வயலும் வீடும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைக் கடந்தவுடன் கேரளம் தொடங்குகிறது. பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, மண் மாறுவதில்லை. இப்பாலும் அப்பாலும் அதே செம்மண் மேடுகள். மேடுகளின்மேல் தென்னையும் ரப்பரும் மரச்சீனியும். இரண்டு மேடுகளுக்கு இடையே, பச்சைப் பாயை நீளவாட்டில் விரித்தாற்போல், ஒரு வயல் வரிசை. அதன் நடுவே ஓர் ஓடை. இந்த வயல் வரிசையை எல்லையின் இரு பக்கத்து மக்களும் 'ஏலா' என்றே அழைக்கிறார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களுக்கும், அவற்றை அடுத்த விளவங்கோடு தாலுகாக் கிராமங்களுக்கும் இந்த ஏலாக்களே நெஞ்சுக்குழி போன்றவை.

இவ்வெல்லையில் பத்திரங்களை மொழிபெயர்ப்போர்க்கு ஒரு சிறு சங்கடம் உண்டு. தமிழில் நிலம் என்றால் எல்லாம் நிலந்தான். நஞ்சை என்றோ புஞ்சை என்றோ சேர்த்துச் சொன்னால்தான் அதன் வகை தெரியும். கேரள வருவாய்க் கணக்கிலோ 'நிலம்' என்பது நெல் வயலை மட்டுமே குறிக்கும். வீடு கட்டவும் மரம் வைக்கவும் உரிய மேட்டு மனைக்குப் 'புரயிடம்' என்று பெயர். ஆகவே, அங்கே ஒருவரது பத்திரத்தில் 'நிலம்' என்ற சொல் இருக்குமாயின், அந்த இடத்தில் அவர் எளிதில் வீடு எழுப்பிவிட முடியாது. மொழிபெயர்ப்பாளர் இதனை அறியாமல் நிலத்தை வெறும் நிலம் என்று எழுதினால், வாங்குகிறவர் வயலை வாங்கிவிட்டு மனை வாங்கியதாக மகிழ்ந்திருப்பார்.

இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இன்று ஊர்தோறும் வழக்கு நடக்கிறது. வயலை மண்ணிட்டு நிரவி வீட்டு மனையாக்க ஒருவர் முற்படுகிறார்; அயலார் கூடாது என்று தடுக்கிறார்கள். தம் சொந்த நிலத்தில் ஒருவர் வீடு கட்டுவதைத் தடுக்க மற்றவர்க்கு என்ன உரிமை? அந்தத் தடை நியாயமானதானால், வீடற்றவருக்கு விடை என்ன? இவ்விரு கேள்விகளையும் ஒன்றையொன்று மறைக்காமல் ஆராய்ந்து பார்ப்பதே இன்று நம் நோக்கம்.

முதலில் ஏலா என்பது எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். மேட்டில் பெய்யும் மழை சரிவு வழியே இறங்கி வயலுக்கு வருகிறது. வயலின் வரப்பு அதனைத் தடுத்து நிறுத்துகிறது. மேல் வயல் நிரம்பினால் மடை வழியே கீழ் வயலுக்கு நீர் செல்லும். கடைசியில் ஓடையை அடையும். ஓடை நெய்யாற்றையோ வேறோர் ஆற்றையோ சேரும். அகஸ்திய மலையில் தோன்றிப் பூவாறு அருகே கடலில் கலக்கும் நெய்யாறு நெடிய ஆறன்று. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. மலையில் விழுந்த நீர் கடலுக்கு விரைந்து ஓடிவிடத் துடிக்கும் பூமி இது. அந்த நீரைக் கைப்பிடித்து நிறுத்தி, 'சற்று இருந்து போ' என்று சொல்வது ஏலாதான்.

எவ்வளவு நீரை அது நிறுத்துகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து சென்ட் வயலின் பரப்பு சுமார் 405 சதுர மீட்டர். அதில் பத்து சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால், அந்த நீரின் அளவு நாற்பதினாயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி நான்கு நிறைய வரும். இது ஒரு பொழுது நிற்கும் நீர் மட்டுமே. மண்ணுக்குள் ஊறிச் செல்லும் நீர் இக்கணக்கில் சேரவில்லை. அந்தப் பத்து சென்ட்டையும் மண் நிரப்பி மேடாக்கிவிட்டால், இந்த நான்கு லாரித் தண்ணீர் மாயமாய் மறைந்துவிடாது. அது அடுத்த வயலுக்குப் போகும். அங்கும் இடமில்லையேல் அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகும்.

மழைக்காலத்தில் இப்படியென்றால் கோடையில் வேறு விதம். சரிவில் இருக்கும் வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டம் கீழே உள்ள வயலின் ஈரத்தோடு தொடர்புடையது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த காலத்தில் ஏலா ஆண்டில் பெரும்பகுதி நனைந்தே கிடந்தது, கிணறும் கைவிடவில்லை. வயல் மேடாகி, மேட்டின்மேல் சிமெண்டுத் தளமும் பரவினால், மழைநீர் உள்ளே இறங்க வழியின்றி ஓடிவிடுகிறது. வயலே இல்லாத வீட்டுக்காரர்கூட மாசி, பங்குனியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க நேர்கிறது.

இத்தனை பயனுள்ள வயலை உடையவர் ஏன் விற்கிறார்? அவரைக் குறை கூறுவது எளிது. அவர் இடத்தில் நின்று பார்ப்பதே நேர்மை. தாத்தா காலத்தில் ஓர் ஏக்கராக இருந்தது தந்தை காலத்தில் பங்கு பிரிந்து, இன்று பதினைந்து சென்ட்டாகியிருக்கிறது. உழவுக்கும் நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தால் கூலியும் விளைச்சலும் சரிக்குச் சரியாகின்றன. முதலில் ஒரு பூ பயிரிடாமல் விடுகிறார். அடுத்த ஆண்டு வரம்பை உயர்த்தி வாழை வைக்கிறார். பின்னர் வாழைக்கு நடுவே தென்னங்கன்று. தென்னை காய்க்குமுன்னே ஒரு விடுமுறை நாளில் டிப்பர் லாரிகள் வருகின்றன. நெல் வயலாக விற்றால் கிடைப்பதைப் போலப் பன்மடங்கு விலை, மனை என்று சொன்னால் கிடைக்கும். மகள் திருமணம், மகன் படிப்பு, மருத்துவச் செலவு ஆகிய இவற்றுக்கு வேறு எந்தப் பெட்டியைத் திறப்பது?

நிரப்புகிற மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது பக்கத்து மேட்டைக் குடைந்து எடுத்த செம்மண். ஆகவே ஒரு மனை எழும்ப இரண்டு இடங்கள் காயப்படுகின்றன. மேடு செங்குத்தாக வெட்டப்பட்டுச் சரியக் காத்திருக்கிறது. பள்ளம் மூடப்பட்டு நீரை வெளியே தள்ளுகிறது. 2021 நவம்பர் மாதப் பெருமழையில் நெய்யாற்றின்கரை அருகே நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று சேதமுற்றது. பாறசாலை வட்டாரத்தில் இருப்புப்பாதைமேல் மண் சரிந்தது. பெய்த மழையே அதற்கு முதற்காரணம். ஆனாலும் சரியும் மண்ணும் தங்க இடமற்ற நீரும் ஒருசேர நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்கள் இவ்வட்டாரத்துக்கு உணர்த்தின.

இப்போது அயலாரின் எதிர்ப்பு எங்கே பிறக்கிறது என்பது விளங்கும். எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு காட்சியை நினைத்துப் பார்ப்போம். ஏலாவின் நடுவே ஒரு மனை எழும்புகிறது. அதற்குப் பாதை வேண்டும்; எனவே வரப்பு அகன்று சாலையாகிறது. சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு குழாயைப் புதைத்து மூடுகிறார்கள். குழாய் சிறிது, மழை பெரிது. மேல்பக்க வயல்களில் நீர் தேங்கி நாற்று அழுகுகிறது. கீழ்ப்பக்க வயல்களுக்கு நீர் வராமல் பயிர் காய்கிறது. இடையிலே இன்னும் உழுதுகொண்டிருந்த இருவரும் மனம் நொந்து கைவிடுகிறார்கள். மறு ஆண்டு அவர்களுடைய வயலையும் தரகர் வந்து பார்க்கிறார். ஏலா துண்டு துண்டாக அழிவதில்லை. ஒரு மணி அறுந்தால் மாலை முழுவதும் சிதறுவதைப் போல அழிகிறது.

மண்ணுக்கு உரிமையாளர் ஒருவர்தாம். அதில் அவருக்குப் பட்டா உண்டு, வரிச்சீட்டு உண்டு. ஆனால் அந்த மண்மேல் நிற்கும் நீரும், அது போய்ச் சேரும் வழியும் ஊருக்குப் பொது. அயலார் வழக்காடுவது அவருடைய மண்ணுக்காக அன்று, தங்கள் நீருக்காக. இந்த வேறுபாட்டை உணராதபோது எதிர்ப்பாளர்களைப் பொறாமைக்காரர்கள் என்றும், முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்றும் பழிப்பது வழக்கமாகிறது.

கேரளத்தில் இந்த எண்ணம் சட்டமாக உருப்பெறப் பல ஆண்டுகள் சென்றன. 1967ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு ஆணை பிறந்தது. உணவுப் பற்றாக்குறை வாட்டிய அந்த நாளில் நெல் விளையும் வயலைக் கலெக்டர் அனுமதியின்றி வேறு காரியத்துக்குத் திருப்பலாகாது என்பதே அதன் சாரம். அன்றைய கவலை அரிசியைப் பற்றியது, நீரைப் பற்றியதன்று. ஆணை இருந்தும் வயல் சுருங்கியது. 1970களில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்த அம்மாநிலத்தில், இப்போது விளைவது சுமார் 2 லட்சம் ஹெக்டேரில்தான். 1997ஆம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர், வி. எஸ். அச்சுதானந்தன் முன்னின்ற இயக்கத்தில், வயலை மாற்றி வைத்த பயிர்களை வெட்டிச் சாய்த்தனர். அச்செயல் பெரும் கண்டனத்துக்கும் ஆளாயிற்று. பிறர் வைத்த மரத்தை வெட்டுவது முறையா என்று பலர் கேட்டனர். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் வயல் யார் கவலை என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை.

அவரே முதலமைச்சராக இருந்தபோது, 2008ஆம் ஆண்டு, நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பயிரிடும் வயல் மட்டுமன்றி, பயிரிடத் தக்கதாயிருந்தும் தரிசாகக் கிடக்கும் வயலும், வயலைச் சார்ந்த வரப்பு, வாய்க்கால், குளம் ஆகியனவும் அச்சட்டத்தின் காவலுக்குள் அடங்கும். மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நிரப்பிய மண்ணை அகற்றி வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு.

இச்சட்டத்தின் சிறப்பு தண்டனையில் இல்லை. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு கண்காணிப்புக் குழுவை அது ஏற்படுத்தியது. பஞ்சாயத்துத் தலைவர் அதன் தலைவர். வேளாண்மை அதிகாரி அதனைக் கூட்டுபவர். கிராம அதிகாரியோடு விவசாயிகளின் பிரதிநிதிகள் மூவரும் உறுப்பினர்கள். அதாவது, வேலிக்கு வெளியே நின்று கூச்சலிட்டுக்கொண்டிருந்த அயலானுக்கு உள்ளே ஒரு நாற்காலி போடப்பட்டது. எதிர்ப்பு என்பது கலகம் என்ற நிலை மாறி, எதிர்ப்பும் ஒரு முறையான சாட்சியம் என்ற நிலை வந்தது.

வீடற்ற வயலுடையோரைச் சட்டம் மறந்துவிடவில்லை. அந்த ஜில்லாவில் வீடு கட்டத் தக்க வேறு இடம் இல்லாத ஒருவர், தாம் குடியிருக்கும் பொருட்டு, கிராமப் பஞ்சாயத்தானால் பத்து சென்ட் வரையிலும், நகராட்சியானால் ஐந்து சென்ட் வரையிலும் வயலில் வீடு கட்ட அனுமதி கேட்கலாம். அதனால் அக்கம்பக்கத்து வயலுக்கும் நீர்ப்போக்குக்கும் கேடு வரக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு குடும்பத்தின் தேவைக்கு வாயில் திறந்து வைத்து, மனை வியாபாரத்துக்கு அதே வாயிலை அடைப்பதே சட்டத்தின் எண்ணம்.

எதிர்ப்பை முன்கூட்டியே கேட்பது எத்துணை அவசியம் என்பதற்குக் கொச்சியை அடுத்த மரடு சான்று. அங்கே காயலோரம் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளுக்கு மாறாக நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது; 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சில நொடிகளில் தூளாயின. விதி காப்பாற்றப்பட்டது உண்மை. ஆயினும் வாங்கி வாழ்ந்தவர் கண்ணீரையும், மலைபோல் குவிந்த இடிபாட்டையும் யார் ஈடு செய்வது? அஸ்திவாரம் தோண்டும் நாளில் 'வேண்டாம்' என்று சொல்லும் அயலான், உண்மையில் வாங்கப் போகிறவருக்கே உபகாரம் செய்கிறான்.

பிற நாடுகளும் இந்தப் பிரச்னையைக் கண்டவையே. இங்கிலாந்தில் லண்டன் மாநகரம் கட்டுக்கடங்காமல் பரவியபோது, அதனைச் சுற்றிக் கட்டடமற்ற பசுமை வளையம் ஒன்றை நிலைநிறுத்த 1938ஆம் ஆண்டில் தனிச் சட்டம் செய்தார்கள். 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் அதற்கு வலுவூட்டியது; 1955ஆம் ஆண்டு அரசாங்கம் இந்த வளையத்தை ஏனைய நகரங்களும் மேற்கொள்ள ஊக்குவித்தது. அதன் பலனாக நகரமும் நகரமும் ஒட்டிக்கொள்ளாமல் இடையே வெளி நின்றது. ஆனால் மறுபக்கமும் உண்டு. வளையத்துக்குள் மனைகள் அரிதாகி வீட்டு விலை ஏறிற்று என்றும், முன்பே வீடு உடையவர்கள் வீடு இல்லாதவர்களைப் பசுமையின் பேரால் தடுத்து நிறுத்துகிறார்கள் என்றும் அங்கே இன்றளவும் குறை கூறுவோர் பலர். நம் ஏலாவுக்கும் அந்த வளையத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது நகரத்தைச் சுற்றிய வேலி. இது வீடுகளுக்கிடையே ஓடும் நரம்பு. ஆயினும் அக்குறையை நாமும் செவிமடுக்க வேண்டும்.

ஏனெனில் இங்கே மக்கள் நெருக்கம் மிகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திருவனந்தபுரம் ஜில்லாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர். கேரளத்திலேயே இதுதான் அதிகம். எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி ஜில்லாவில் 1,111 பேர். மேட்டில் மனை வாங்கப் பணமில்லாத ஏழை, விலை மலிந்த பள்ளத்தைத்தான் நாடுவார். ஏலாவின் ஓரத்தில் ஐந்து சென்ட் வாங்கி, வாங்கிய பிறகே பத்திரத்தில் 'நிலம்' என்ற சொல்லைக் கண்டு திகைத்தவர்கள் ஏராளம். அரசாங்கத்தின் வீட்டுதவி கிடைத்தும், கட்ட அனுமதி கிடைக்காமல் அலைகிறவர்கள் உண்டு. 'வயலைக் காப்போம்' என்று ஊர் முழங்கும்போது, தன் குழந்தையோடு வாடகைக் குடிசையில் இருக்கும் இவருக்கு அது 'நீ வராதே' என்றுதான் கேட்கும்.

அதே சமயம் இன்னொரு கணக்கும் உண்டு. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த கட்டடங்கள் பதினொரு லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. வெளிநாட்டில் உழைப்போர் கட்டிப் பூட்டியவை, முதலீட்டுக்காக வாங்கியவை எனப் பலவகை அவற்றில் அடங்கும். ஆகவே, 'வீடு வேண்டும், அதனால் வயலை நிரப்பத்தான் வேண்டும்' என்ற வாதம் முழுவதும் சரியன்று. நிரப்பப்படும் வயல் எல்லாம் வீடற்றோருக்குப் போவதில்லை. குடியிருக்க விண்ணப்பிப்பவரையும், விற்றுப் பெருக்க விண்ணப்பிப்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

இவ்விருவரையும் பிரித்தறிவதில்தான் நிர்வாகம் தடுமாறுகிறது. எது வயல், எது வயலன்று என்று காட்டும் தரவு வங்கியைப் பஞ்சாயத்துதோறும் தயாரிக்கச் சட்டம் கூறிற்று. அப்பட்டியல்களில் பிழைகள் மலிந்தன. என்றோ மேடாகித் தென்னை காய்த்த இடம் வயலாகப் பதிவாயிற்று. நீர் நிற்கும் வயல் சில இடங்களில் விடுபட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வரிப் பதிவேட்டில் 'நிலம்' என்றிருந்தும் தரவு வங்கியில் சேராத இடங்களைக் கட்டணம் பெற்று வேறு உபயோகத்துக்கு மாற்ற வழி செய்யப்பட்டது. உடனே லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் குவிந்தன. 2008இல் அந்த இடம் எப்படி இருந்தது என்பதை நிறுவச் செயற்கைக்கோள் படங்களை வரவழைக்கிறார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படம் பொய் சொல்லாது; ஆனால் அதைப் பெறவும் படிக்கவும் ஏழைக்குத் துணை வேண்டும். நேர்மையான விண்ணப்பம் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க, துணிந்தவன் இரவோடு இரவாக மண்ணைக் கொட்டிவிடுகிறான். சட்டத்தின் மதிப்பைக் குலைப்பது இந்தக் காத்திருப்புதான்.

இனி எல்லைக்கு இப்பால் வருவோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகாக்களைப் பிரித்தார்கள், தண்ணீரைப் பிரிக்க முடியவில்லை. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் பாறசாலைப் பக்கத்து வயல்களைக் கடந்து விளவங்கோட்டுக்கு வருமாறு அமைந்தது. அங்கே சுமார் 9,200 ஏக்கர் அதனை நம்பியிருந்தது. 2004ஆம் ஆண்டு முதல் அந்த நீர் நின்றுவிட்டது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நீர் வராத வயலை விவசாயி எத்தனை ஆண்டு பார்த்துக்கொண்டிருப்பான்? வாழையும் ரப்பரும் வந்தன. அவற்றின் பின்னே மனைக்கற்களும் வந்தன. வயலை மண்ணால் மட்டுமன்றி வறட்சியாலும் மூடலாம் என்பதற்கு விளவங்கோடு உதாரணம்.

தமிழ்நாட்டில் கேரளத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நிகரான, மாநிலம் முழுவதற்கும் பொதுவான நெல்வயல் காப்புச் சட்டம் இல்லை. காவிரிப் படுகைக்கென 2020ஆம் ஆண்டு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களைத் தடுப்பது. கன்னியாகுமரி அதன் எல்லைக்குள் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யலாகாது என்று ஆணையிட்டது. விளைநிலம் மனையாவதற்கு அது ஒரு கடிவாளமாயிற்று. மறு ஆண்டே, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. இவ்வாறு ஒரே ஏலாவின் தலை ஒரு சட்டத்திலும் வால் வேறொரு சட்டத்திலும் கிடக்கிறது. இங்கே மேடாகும் வயலின் நீர் அங்கே சென்று நிற்கும்போது, எந்தக் குழுவிடம் முறையிடுவது?

ஆகவே எதிர்ப்போர் செய்ய வேண்டியது என்ன? லாரியின் முன் கூடி நிற்பது கடைசிப் படி. முதற்படி, தம் பஞ்சாயத்தின் தரவு வங்கியைப் பார்ப்பது; தம் ஏலாவின் சர்வே எண்கள் அதில் உள்ளனவா என்று சரிபார்ப்பது. அடுத்து, மண் விழுந்த அன்றே கிராம அதிகாரிக்கும் வேளாண்மை அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவித்து, தேதியிட்ட நகலை வைத்துக்கொள்வது. மூன்றாவது, குடியிருக்க இடம் கேட்கும் ஏழையின் விண்ணப்பத்தைத் தாமே முன்னின்று ஆராய்ந்து, ஏலாவின் நடுவில் வேண்டாம், ஓரத்தில் இந்த இடம் தகும் என்று எடுத்துச் சொல்வது. மறுப்பதோடு நில்லாமல் மாற்றும் சொல்லும் ஊரின் வார்த்தைக்கே எடை உண்டு. நான்காவது, தரிசை ஒழிப்பது. தரிசாகக் கிடக்கும் வயலைப் பஞ்சாயத்தின் வழியாக வேறொருவரைக் கொண்டு பயிரிடச் செய்ய 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நெற்கதிர் நிற்கும் வயலைத் தரகர் நெருங்கத் தயங்குவார். புல் மண்டிய வயல் பாதி விற்றதற்குச் சமம்.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. வயல் ஊருக்குச் செய்யும் உபகாரத்துக்கு ஊர் கூலி தர வேண்டாமா? இந்த எண்ணத்தோடு கேரள அரசாங்கம் 2020ஆம் ஆண்டு வயலுடையோருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கிற்று. கொள்கை போற்றத்தக்கது. ஆனால் ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 247 சென்ட். அன்று தொடங்கிய தொகையைச் சென்ட்டுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு எட்டு ரூபாய் சொச்சமே வந்தது. மனை விலையின் ஆசையை இத்தகைய சிறு தொகை தடுத்து நிறுத்துமா? வயலைக் காக்கும் செலவு முழுவதையும் வயலுடையவர் ஒருவரே சுமக்க, அதன் பயனை எல்லோரும் அனுபவிப்பது நீதியன்று. ஊர் தடுக்கும் உரிமையைக் கோருமானால், தாங்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

திருவனந்தபுரம் வானொலி நிலையம் மலையாளத்தில் ஒலிபரப்பி வந்த வேளாண்மை நிகழ்ச்சிக்கு 'வயலும் வீடும்' என்று பெயர். எல்லைக்கு இப்பாலுள்ள நேயர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கமானதே. பெயரிட்டவர்கள் வயலா வீடா என்று கேட்கவில்லை. மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல், இரண்டுக்கும் நடுவே வற்றாத கிணறு என்பதே இப்பகுதி முன்னோர் கண்ட அமைப்பு. மழை பெய்யும்போது மேட்டில் இருப்பவர் நனையாமலும், வேனிலில் பள்ளத்தில் இருப்பவர் காயாமலும் இருந்த ஏற்பாடு அது. அதைக் குலைக்காமல் ஒரு வீடு எழும்ப முடியுமானால் ஊர் கூடிக் கால்கோள் விழா நடத்தட்டும். முடியாதெனில், அந்தச் செய்தியை மண் விழுவதற்கு முன்பே, அன்போடும் ஆதாரத்தோடும் சொல்லட்டும். பத்திரத்தில் 'நிலம்' என்று எழுதிய பழைய கணக்கர், அச்சொல்லுக்குள் நெல்லை மட்டுமின்றி ஊர்க்கிணற்று நீரையும் சேர்த்தே எழுதி வைத்தார் என்று நாம் பொருள் கொள்வோம்.